கதை, நாடகம், சைகை: பள்ளியில் பிரெஞ்சு கற்பிக்க ஒரு வழிகாட்டி

பிரெஞ்சு மொழியைப் பள்ளியில் மூன்று, நான்கு ஆண்டுகள் படித்த பிள்ளைகளில் பலர் நிறங்களையும் கிழமைகளையும் தடையின்றி ஒப்பிக்கிறார்கள்; ஆனால் "எனக்குக் குளிர்கிறது, கதவைத் திற" என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால் வாயடைத்து நிற்கிறார்கள். பெயர்ச்சொற்களைக் குவித்துக் கொடுத்துவிட்டு, வினைச்சொற்களையும் வாக்கியத்தைக் கோக்கும் சிறு சொற்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதன் விளைவு இது. கதை, நாடகம், சைகை மூன்றையும் ஒன்றாகப் பின்னி நடத்தும் பாடம் இந்தக் குறையை வேரிலேயே சரிசெய்கிறது என்பது என் வகுப்புகளில் நான் கண்ட உண்மை.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில், கட்டளையைக் கேட்டு உடலால் செய்துகாட்டுவதன் வழியாக மொழியைக் கற்பிக்கும் முறையை வகுத்தார். கனடாவில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்த வெண்டி மேக்ஸ்வெல், 1990களில் சைகையோடு கதையையும் நாடகத்தையும் சேர்த்து ஒரு முழுப் பாடமுறையை உருவாக்கினார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைப்பது நல்லது: முன்னதில் ஆசிரியர் பேச, மாணவர் செய்கிறார், பின்னதில் ஆசிரியர் கையால் காட்ட, மாணவர்கள் கூட்டாகப் பேசுகிறார்கள். பேச்சுதான் நமது இலக்கு என்றால் பின்னதே நமக்கு ஏற்றது.

முதலில் கதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சி சிறு மாற்றத்துடன் மூன்று, நான்கு முறை திரும்ப வருகிற கதையே வேண்டும். கிடைக்காவிட்டால் நீங்களே எழுதிக்கொள்ளலாம். நான் எழுதியது இது: மழையில் நனைந்த நரி ஒன்று முயலின் வீட்டுக் கதவைத் தட்டி "ழே ஃப்ருவா" (எனக்குக் குளிர்கிறது), "ஊவ்ர் லா போர்த்" (கதவைத் திற) என்கிறது. முயல் "ழ தோர்" (நான் தூங்குகிறேன்) என்று மறுக்கிறது. கோழி சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி மறுக்கிறது. எலி மட்டும் கதவைத் திறக்கிறது; ஆனால் வீடு மிகச் சிறியது, நரியோ பெரியது. கதை முடிவதற்குள் "ழ வெ" (எனக்கு வேண்டும்) என்ற தொடர் பன்னிரண்டு முறையாவது காதில் விழும்படி அமைத்தேன். முதல் கதைக்கு மொத்தம் எழுபது, எண்பது சொற்கள் போதும். அவற்றில் பாதிக்கு மேல் வினைகளும் இணைப்புச் சொற்களுமாக இருக்கட்டும்.

அடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகை வகுக்க வேண்டும். கதவு, வீடு, மழை ஆகியவற்றுக்குக் கைகளே வழி சொல்லிவிடும். ஆனால் இடுக்கண் தருபவை "மே" (ஆனால்), "பார்ஸ்க" (ஏனென்றால்) போன்ற சொற்கள்தான். இவற்றைத் தவிர்க்கவே கூடாது. "மே" என்னும்போது ஒரு விரலை உயர்த்தி மணிக்கட்டைத் திருப்புங்கள்; எந்தச் சைகையாக இருந்தாலும் ஆண்டு முழுவதும் அது மாறாமல் இருப்பதே முக்கியம். இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மாற்றும் ஆசிரியரின் கையைப் பிள்ளைகள் விரைவில் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

பிரெஞ்சில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. விதியைச் சொல்லிப் புரியவைக்க முயன்றால் அது பெரும்பாலும் பட்டியல் மனப்பாடமாகவே முடியும். நான் வலக்கையை ஆண்பாலுக்கும் இடக்கையை பெண்பாலுக்கும் ஒதுக்கிவிட்டேன். "லு ரனார்" (நரி) என்னும்போது வலக்கை எழும். "லா சூரி" (எலி) என்னும்போது இடக்கை எழும். இதன் பலன் பெயரடைகளில்தான் முழுமையாகத் தெரிகிறது. ஆண்பாலில் "ப்தி" என்று நின்றுவிடும் சிறிய என்ற சொல், பெண்பாலில் "ப்தித்" என்று கடைசி மெய்யை ஒலிக்கும்; "க்ரான்" (பெரிய) என்பது "க்ராந்த்" ஆகும். இடக்கை எழுந்தால் கடைசி மெய் ஒலிக்க வேண்டும் என்று கைக்கும் நாக்குக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டுவிட்டால், இலக்கண அட்டவணையைப் பார்க்காமலே பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள்.

எதிர்மறைக்கும் இதுபோன்ற வழி உண்டு. பிரெஞ்சில் "ந", "பா" என்ற இரு சொற்கள் வினையை நடுவில் வைத்து இரு புறமும் நிற்கின்றன. இரு உள்ளங்கைகளையும் வினைக்கு இருபுறச் சுவர்களாக நிறுத்திக் காட்டுங்கள்: "ழ ந வெ பா" (எனக்கு வேண்டாம்). என் வகுப்பில் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த ஒரு சிறுமி, கோழியின் பாத்திரம் தனக்கு வேண்டாம் என்று சொல்ல முயன்றபோது முதலில் இடது உள்ளங்கையை நிறுத்தினாள். பிறகு "வெ" என்றாள். கொஞ்சம் தயங்கி வலது உள்ளங்கையையும் நிறுத்தி "பா" என்று முடித்தாள். கை முன்னே போக, சொல் பின்னே வந்தது. அன்று முழு வகுப்பும் அவளுக்காகக் காத்திருந்தது, அதுவும் நல்லதுதான்.

வகுப்பை நடத்தும் வரிசை எளிது. நீங்கள் சைகையும் சொல்லும் ஒரே கணத்தில் தர வேண்டும். பிள்ளைகள் உங்களோடு சேர்ந்து சொல்ல வேண்டும். சில நாட்களுக்குப் பிறகு உங்கள் குரலைத் தாழ்த்துங்கள், பின்பு வெறும் உதட்டசைவாக்குங்கள், கடைசியில் கை மட்டும் பேசட்டும். இந்த இறுதிப்படியில் வகுப்பே முழு வாக்கியத்தைச் சொல்கிறது. சைகையும் ஓர் ஊன்றுகோல்தான். நன்றாகப் பழகிய சொற்களுக்கு அதை மெல்ல எடுத்துவிட வேண்டும். பல ஆசிரியர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: கை அசைந்தால்தான் பேசுவேன் என்ற நிலையில் பிள்ளைகளை விட்டுவிடுகிறார்கள். அதைத் தடுக்க, சைகையில் இல்லாத கேள்விகளைக் கேளுங்கள்: நரி ஏன் அழுதது, முயல் நல்லதா, நீயாக இருந்தால் திறந்திருப்பாயா?

நாடகத்துக்கு வரும்போது உடையையும் மேடையையும் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு நாற்காலி கதவாகப் போதும். பாத்திரங்களை வாரந்தோறும் மாற்றிக் கொடுங்கள், எல்லோரும் ஒரு முறையாவது நரியாக இருக்கட்டும். நடிக்காதவர்கள் கதைசொல்லியின் பகுதியைக் கூட்டாகச் சொல்லட்டும். ஒரே வசனத்தை இருபது முறை சொல்லச் சொன்னால் பிள்ளைகள் சலிப்பார்கள்; அடுத்த வாரம் கீழ்வகுப்பினர் பார்க்க வருகிறார்கள் என்றால் அதே வசனத்தை நாற்பது முறை தாமாகவே சொல்வார்கள்.

பாடவேளை முழுவதும் பிரெஞ்சிலேயே இருக்க வேண்டும் என்பதை உறுதியாகக் கடைப்பிடியுங்கள். ஆனால் தாய்மொழியில் பேசிவிட்ட பிள்ளையைக் கண்டிக்காமல், அவர் சொன்னதைச் சைகையோடு பிரெஞ்சில் திருப்பிச் சொல்லிக் கொடுங்கள். உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல்: இங்கே நான் ழகரத்தால் எழுதிய ஒலி தமிழ் ழகரம் அன்று. நாக்கை மடக்காமல், உதட்டைக் குவித்து, உரசும் ஒலியாகச் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே காதால் கேட்கவைப்பது நல்லது.

எழுத்தைக் கடைசியில் கொண்டுவாருங்கள். "இல் ஃபெர்ம்" என்பது ஒருவர் மூடுகிறார் என்றாலும் பலர் மூடுகிறார்கள் என்றாலும் ஒரே ஒலிதான். பன்மையில் மட்டும் ஒலிக்காத எழுத்துகள் சேரும். ஒலி பழகும் முன் எழுத்தைக் கண்ட பிள்ளை அத்தனை எழுத்தையும் உரக்கப் படித்துத் திண்டாடும். நாடகம் வாயில் நன்றாகப் படிந்த பிறகு வசனத்தைத் தாளில் கொடுங்கள்; சொல்லைத் தொட்டுத் தொட்டுப் படிக்கட்டும். அதற்குப் பிறகு கதையின் முடிவை அழித்துவிட்டு, எலியின் வீட்டுக்குள் நுழைய முடியாத நரி அடுத்து என்ன செய்தது என்று இருவர் இருவராக எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு குழு, எலி வெளியே வந்து நரியின் வாலுக்கு அடியில் படுத்துக்கொண்டது என்று நான்கு வரியில் எழுதியது. "ப்தித்" என்ற சொல்லின் கடைசி எழுத்துகளையும் விடவில்லை.