வேலை குறைந்த மாதத்தில் கடனை எப்படிச் சமாளிப்பது?

திருப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பகலெல்லாம் ஜி.எஸ்.டி. வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் மேஜைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனித் தொழிலாளிகள். கையில் பேங்க் நோட்டீஸ் இருக்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபிறகு இப்படி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் கூலியை நம்பி வண்டிக் கடனும் குழுக் கடனும் வாங்கியவருக்கு, திடீரென்று வாரம் நாலு நாள், ஒரே ஷிப்ட் என்றால் என்ன செய்வார்? சனிக்கிழமைக் கூலி பாதியாகிவிட்டது, தவணை அப்படியே நிற்கிறது. அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சிபில் ஸ்கோர் விழுந்துவிடுமே என்று பயந்து, தவணை கட்ட இன்னொரு கடன் வாங்காதீர்கள். அந்த ஸ்கோர், கடனை எப்படிக் கட்டி வருகிறோம் என்பதை வைத்துப் போடும், 300 முதல் 900 வரை உள்ள ஒரு மதிப்பெண். விழும், பிறகு ஒழுங்காகக் கட்டக் கட்ட ஏறும். ஆனால் மீட்டர் வட்டிக்காரரிடம் போன வீட்டுப் பத்திரம் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. போனில் ஐந்து நிமிடத்தில் பணம் தரும் ஆப்களும் அப்படித்தான். நாலைந்து இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பித்தாலே, ஒவ்வொன்றும் உங்கள் கடன் அறிக்கையில் (எங்கெங்கே கடன், எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவு) விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரை இன்னும் இறக்கும்.

சரி, கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது? வாடகை, அரிசி பருப்பு, மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றை முதலில் எடுத்துவையுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அடுத்தது, கட்டாவிட்டால் பொருளே போய்விடும் கடன்கள்: நகைக் கடன், வேலைக்குப் போகும் வண்டி, வீடு. நகைக்கு அசலைத் திருப்ப முடியாவிட்டாலும் வட்டியையாவது கட்டி, ஏலத்துக்குப் போகாமல் நிறுத்துங்கள். தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, செல்போன் தவணை எல்லாம் அதற்குப் பிறகுதான். கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டினால் பதிவு கெடாது, ஆனால் வட்டி மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். ஓரிரு மாதத்துக்கு மேல் அப்படி ஓட்டாதீர்கள்.

இப்போது பெரும்பாலானவர்கள் தவறவிடும் காரியம். தவணைத் தேதிக்கு முன்பே, எழுத்தில், கிளைக்குச் சொல்ல வேண்டும். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. நான் எழுதிக்கொடுக்கும் கடிதம் இவ்வளவுதான்:

"எனது வண்டிக் கடன் எண் இது. கம்பெனியில் ஆர்டர் குறைந்ததால் எனது வாரக் கூலி 5,000 ரூபாயிலிருந்து 2,800 ரூபாயாகக் குறைந்துள்ளது. மாதத் தவணை 4,150 ரூபாயை முழுதாகக் கட்ட இயலவில்லை. கடன் காலத்தை நீட்டித்து, தவணையை 2,500 ரூபாயாகக் குறைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கூலிச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்டும் இணைத்துள்ளேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'கஷ்டமாக இருக்கிறது சார்' என்பதை மேலாளர் நாள் முழுக்கக் கேட்கிறார். எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தொகை இருந்தால்தான் அவரால் மேலிடத்துக்கு அனுப்ப முடியும். ஒத்துக்கொண்டால் கடன் திருத்தியமைக்கப்பட்டதாக அறிக்கையில் பதிவாகலாம். பரவாயில்லை, வாராக் கடன் என்ற பதிவைவிட அது எவ்வளவோ மேல்.

ஏன் சீக்கிரம் என்கிறேன் என்றால், தாமதம் படிப்படியாகக் கணக்கிடப்படுகிறது. முதல் 30 நாள் ஒரு படி, 60 வரை அடுத்தது, 90 வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். அதனால் இரண்டு தவணை நின்றுவிட்டதென்றால் ஒன்றையாவது கட்டி, 90-ஐத் தொடாமல் பாருங்கள்.

அப்புறம், உங்கள் அறிக்கையை நீங்களே பாருங்கள். இந்தியாவில் சிபில் மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் விவரங்களைச் சேர்த்து அறிக்கை தரும் நிறுவனங்கள் மொத்தம் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஓவர்லாக் தைக்கும் ஒரு அண்ணனின் அறிக்கையை ஒரு நாள் வரிவரியாகப் படித்தோம். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதத்துக்கு ஒரு கட்டம், மூன்று வருடத்துக்கு. சரியாகக் கட்டிய மாதத்தில் 000, தாமதமானால் எத்தனை நாள் என்ற எண். வண்டிக் கடனில் எல்லாம் 000, நடுவில் ஒரே ஒரு 028. அவர் பயந்துகொண்டு வந்தது அந்த 028-க்காக. ஆனால் அவரைக் கவிழ்த்தது கடைசிப் பக்கத்தில் இருந்த வேறொரு கணக்கு: தீபாவளிக்குப் போனில் வாங்கிய 4,000 ரூபாய். அதில் 310 ரூபாய் பாக்கி நின்று, 'ரிட்டன் ஆஃப்', அதாவது வராது என்று கணக்கிலிருந்து தள்ளிய கடன், என்று பதிவாகியிருந்தது. அவர் மகளின் கல்லூரிக் கடனுக்கு இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடப் போனபோது பேங்க் இதைத்தான் காட்டியது. பாக்கியைக் கட்டி, கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. வாங்கி, பதிவைத் திருத்தச் சொல்லி எழுதினோம்.

தவறான பதிவு இருந்தால், அந்த அறிக்கையைத் தந்த சிபில் போன்ற நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் புகார் போடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தரவேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி இது. இதைக் கடிதத்தில் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இந்தப் பதிவு கடனோடு நிற்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பொதுத்துறை வங்கி வேலைக்குச் சேர்பவரின் சிபிலையும் பார்க்கிறார்கள். மோசமான கடன் பதிவு இருந்ததால் ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை இருந்தால்தானே கடனைக் கட்ட முடியும்? இன்னொரு பக்கம், மாணவரின் ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் பேங்க் பரீட்சைக்குப் படித்தால், அவர்கள் பேரில் செல்போன் தவணைகூடப் போடாதீர்கள்.

வசூல் ஏஜென்டுகள் பற்றி. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அசிங்கப்படுத்தக் கூடாது. வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள், தேதி, நேரம், பேசியது என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரொக்கமாக அவர்கள் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே கட்டுங்கள். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், செலவு கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கந்து வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் 2003-லிருந்தே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது. வசூலில் அத்துமீறினால் சிறை வரை போகும் என்று 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆப்காரர்கள் போட்டோவை மாற்றி அனுப்பி மிரட்டினால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். இதில் அவமானப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடிக்கச் சொல்லி அழைப்பு வரும். கைக்கு அடக்கமான தொகை என்றால் பார்க்கலாம், ஆனால் அது அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் ஏறும். அடுத்த கடனில் பேங்க் அதைக் கேள்வி கேட்கும். 'குளோஸ்டு' என்று வரவேண்டுமானால் முழுப் பாக்கியையும் கட்ட வேண்டும். என் யோசனை: வேலை திரும்ப வாய்ப்பிருந்தால் காலத்தை நீட்டிக் கேளுங்கள். உடம்பு முடியாமல் கூலியே நின்றுபோனவர் செட்டில்மென்டை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. தொகை, கடைசித் தேதி, மீதி தள்ளுபடி என்ற மூன்றும் எழுதிய கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கட்டாவிட்டால் அவருடைய பதிவும் கெடும்.

2025 தொடக்கத்திலிருந்து, கடன் கொடுத்தவர்கள் 15 நாளுக்கு ஒரு முறையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்கு விவரங்களை அனுப்ப வேண்டும். ஆகவே கடனை முடித்து என்.ஓ.சி. வாங்கியபின் ஒரு மாதம் விட்டு அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். நிலுவை பூஜ்யம் என்று காட்டவில்லையென்றால் என்.ஓ.சி.யை இணைத்து அன்றைக்கே புகார் போடுங்கள். அடமானம் வைத்த சொத்துப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டியது அவர்கள் பொறுப்பு.