கண்ணாடி ஃபிரேமுக்கு 45 டிகிரி மூலை: தனிக் கழுந்தை எங்கே வைப்பது?

45 டிகிரி மூலையை வெறும் பசையால் ஒட்டினால் நாள்பட நிற்காது. வெட்டு முகத்தில் திறந்திருக்கும் நார்முனைகள் பசையை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு சட்டத்திலும் குழி எடுத்து, லூஸ் டெனன் எனப்படும் தனிக் கழுந்தை, அதாவது இரு குழியிலும் பாதிப்பாதி இறங்கும் மரத்துண்டை, நடுவே செருகினால் மூலை அசையாது. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது குழியின் இடத்தில்தான்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக் இதற்குப் போதும். சட்டம் 60 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம். கீழே சமவெளியிலிருந்து ஏற்றி வந்த மரமென்றால், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி இரண்டு மூன்று வாரம் அறையிலேயே விடுங்கள். காய்ந்த மரம் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி அகலத்தில் ஊதும். நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அப்போது மூலையின் வெளிப்பக்கம் வாய் பிளக்கும். ஈரமரத்தில் செய்து, தை மாசியில் காய்ந்தால் உள்பக்கம் பிளக்கும். விரிசலைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

இனி அளவு. 60 மி.மீ. சட்டத்தை 45 டிகிரியில் வெட்டினால் வெட்டு முகம் ஏறக்குறைய 85 மி.மீ. நீளம் வரும். குழி 35 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், 21 மி.மீ. ஆழம், வெட்டு முகத்துக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றே: வெளி முனையிலிருந்து குழியின் ஓரம் எத்தனை மில்லி தள்ளியிருக்கிறதோ, அத்தனை மில்லி ஆழத்தில், குழி குடையும் மின்கருவியான ரவுட்டரின் பிட் (வெட்டலகு) சட்டத்தின் பக்கவாட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். முனையிலிருந்து 15 விட்டால், 21 ஆழம் தொடுவதற்குள் பிய்ந்துவிடும். நட்டநடுவில் வைத்தால் 25. பிய்யாது, ஆனால் 3 மி.மீ.க்கும் குறைவான தோல்தான் மிஞ்சும். உள் மூலையிலிருந்து 15 விட்டுத் தொடங்குங்கள்: குழி 50-இல் முடியும், முனைப்பக்கம் 35 கிடைக்கும். அளவையும் எப்போதும் உள் மூலையிலிருந்தே எடுங்கள். முனை சிறிது சிதைந்திருந்தாலும் அளவு கெடாது. அறுகோணத் தட்டு என்றால் முனை 60 டிகிரி. அங்கே முனைத் தூரத்தை 1.73-ஆல் பெருக்கினால் பிட் வெளியே வரும் ஆழம் கிடைக்கும்.

கோடு போட, இரு சட்டங்களையும் மூலை சேர்த்து மேசையில் படுக்க வைத்து, 15, 50 இரண்டையும் கத்தியால் ஒரே கோடாக இரண்டின் மேலும் இழுங்கள். முன்முகத்தில் பென்சிலால் ஒரு குறி.

ஜிக்குக்கு, அதாவது சட்டத்தைப் பிடித்து ரவுட்டருக்கு வழிகாட்டும் அமைப்புக்கு, 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று. அதில் 45 டிகிரி சாய்வில் ஒரு ரீப்பர் திருகி, சட்டத்தை அதில் சாய்த்துக் கிளாம்ப் செய்தால் வெட்டு முகம் பலகையின் மேல்விளிம்போடு மட்டமாக நிற்கும். பிளஞ்ச் ரவுட்டரின் (பிட்டை மேலிருந்து இறக்கும் வகை) ஃபென்ஸ், அதாவது வழிகாட்டிப் பட்டை, பலகையின் பின்புறத்தை ஒட்டி ஓடும். ஒரு ரீப்பர் மட்டும் போதாது. இடது முனைக்கும் வலது முனைக்கும் சாய்வு எதிரெதிர். ஒன்றே இருந்தால் அடுத்த முனைக்குச் சட்டத்தைத் திருப்பிப் போடத் தோன்றும். அப்போது முன்முகத்துக்குப் பதில் பின்முகம் பலகையில் படும். பிட் நடுவிலிருந்து அரை மில்லி விலகியிருந்தால் மூலையில் ஒரு மில்லி படி விழும். எதிர்ச் சாய்வில் இன்னொரு ரீப்பர் அடித்து, எட்டு முனையிலும் முன்முகமே பலகையைத் தொடும்படி வைத்தால், அந்த அரை மில்லி இரண்டு பக்கமும் ஒரே திசையில் விலகும்; படி விழாது.

6 மி.மீ. பிட் 29 மி.மீ. நகர்ந்தால் குழி 35 வரும். இரு புறமும் தடைக்கட்டை அடியுங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் 3 மி.மீ. போதும். அவசரப்பட்டால் பிட் வளைந்து குழி அகலமாகும்.

கழுந்து 40 நீளம், 34 அகலம், நார் நீளவாக்கில். கை அழுத்தத்தில் இறங்க வேண்டும். சுத்தியல் கேட்டால் இழைத்துக் குறையுங்கள், இல்லாவிட்டால் குழியின் பக்கத்தில் மிஞ்சிய 7 மி.மீ. கன்னம் பிளக்கும். செய்து வைத்த கழுந்துகளை மூடிய டப்பாவில் போடுங்கள். மழைக்காலத்தில் ஒரே இரவில் இறுகிவிடும்.

பசையில்லாமல் ஒருமுறை கோத்துப் பார்த்த பிறகே வெள்ளைப் பசை. ஊட்டியில் மார்கழி இரவில் ஒட்ட வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே பசை சுண்ணாம்புப் பொடியாகக் காயும். பகலில், வெயில் விழும் அறையில் ஒட்டி, மறுநாள் வரை கிளாம்பைத் தொடாதீர்கள்.