பிஇ 6 புக் செய்வதற்கு முன்: எந்த பேக், எந்த பேட்டரி?

மஹிந்திராவின் மின்கார் பிஇ 6 வாங்குவது என்று முடிவு செய்துவிட்டு, எந்த பேக் (வசதிகளைப் பொறுத்து விலை மாறும் வகை) எடுப்பது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் குழப்பத்தில் வெகுநாள் இருந்துவிட்டுத்தான் புக் செய்தேன். டீசலா மின்சாரமா என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. அதைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் இது. மஹிந்திராவின் இன்னொரு மின்காரான எக்ஸ்இவி 9இ பார்ப்பவர்களுக்கும் இதே வழிதான், விலை, தூரம் போன்ற எண்கள் வேறு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேட்டரியை முதலில் முடிவு செய்யுங்கள், பேக் பிறகு. ஷோரூமில் இதைத் தலைகீழாகத்தான் கேட்பார்கள்.

படி 1: விலைகளை ஒரே வரிசையில் எழுதுங்கள்

2025 தொடக்கத்தில் அறிவித்த எக்ஸ்-ஷோரூம் விலைகள்: பேக் ஒன் 18.90 லட்சம், பேக் ஒன் அபவ் 20.50, பேக் டூ 21.90, பேக் த்ரீ செலக்ட் 24.50. இவை நான்கும் 59 கிலோவாட்-மணி பேட்டரி. மேலே பேக் த்ரீ, 79 பேட்டரியுடன் 26.90 லட்சம். அந்த ஜூலையில் பேக் டூவிலும் 79 பேட்டரி வந்தது, 23.50 லட்சத்துக்கு. நீங்கள் வாங்கும் நாளில் விலை மாறியிருக்கலாம், ஷோரூமில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நாம் பார்க்க வேண்டியது விலைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை.

பேக் டூவில் 59-லிருந்து 79-க்குப் போக 1.60 லட்சம், அதாவது கூடுதல் கொள்ளளவுக்கு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட்-மணிக்கு) 8,000 ரூபாய். பேக் டூ 79-லிருந்து பேக் த்ரீ 79-க்குப் போக 3.40 லட்சம். பேட்டரி அதேதான், கூடுவது வசதிகள். இன்னொன்றையும் கவனியுங்கள். சின்ன பேட்டரி உள்ள பேக் த்ரீ செலக்ட், பெரிய பேட்டரி உள்ள பேக் டூவை விட ஒரு லட்சம் அதிகம். இந்த இரண்டில் எது உங்களுக்கு என்பதுதான் உண்மையான கேள்வி.

2025 பிப்ரவரி 14-ல் புக்கிங் திறந்த அன்றே பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டுக்கும் சேர்த்து 30,179 புக்கிங் வந்தன. அதில் 73 சதவீதம் பேக் த்ரீ. ஊரே டாப் எண்ட் எடுக்கிறதே என்று அதைக் காட்டிச் சொல்வார்கள். அன்று 79 பேட்டரி வேண்டுமென்றால் பேக் த்ரீயைத் தவிர வேறு வழியில்லை, டெலிவரியும் அதற்குத்தான் முதலில் என்று அறிவித்திருந்தார்கள். இன்று நிலைமை வேறு.

படி 2: உங்கள் நீண்ட பயணத்தைக் கணக்கிடுங்கள்

சான்றிதழ்படி 59 பேட்டரிக்கு 557 கிலோமீட்டர், 79 பேட்டரிக்கு 680-ஐத் தாண்டும். நெடுஞ்சாலையில் ஏசி போட்டு 100 வேகத்தில் போகும்போது இந்த எண்களை மறந்துவிடுங்கள். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டமாட்டோம், வழியில் நூறு வரை ஏற்றவும் மாட்டோம். 90-லிருந்து 10 சதவீதம் வரை, அதாவது 80 சதவீதம்தான் நிம்மதியாகப் பயன்படும். 59-ல் அது 47 யூனிட், சுமார் 280 கிலோமீட்டர். 79-ல் 63 யூனிட், சுமார் 380. சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330. பெரிய பேட்டரி ஒரே மூச்சில் போய்விடும், சின்னதற்கு விழுப்புரம் தாண்டி ஒரு நிறுத்தம் வேண்டும்.

20-லிருந்து 80 சதவீதம் 20 நிமிடத்தில் ஏறும் என்று விளம்பரம் சொல்வது உண்மைதான், ஆனால் அதற்கேற்ற அதிவேகச் சார்ஜர் கிடைத்தால். நம் சாலைகளில் அதிகம் பார்ப்பது 30, 60 கிலோவாட் சார்ஜர்கள். 60-ல் 59 பேட்டரிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், 79-க்கு ஒரு மணி நேரம்.

வழியில் உள்ள சார்ஜர்களைப் பார்க்க நான் நம்புவது பிளக்‌ஷேர் ஆப் மட்டும்தான். நிறுவனங்களின் சொந்த ஆப்கள் பணம் கட்டத் தேவை, ஆனால் சார்ஜர் இயங்குகிறதா என்பதை அங்கே சார்ஜ் போட்டவர்கள் எழுதியதை வைத்துத்தான் நம்ப முடியும்.

வருடத்தில் ஓரிரு முறைதான் ஊருக்குப் போவீர்கள், மற்றபடி நகரத்துக்குள்தான் ஓட்டம் என்றால் 59 தாராளமாகப் போதும். மாதம் ஒருமுறை திருச்சி, மதுரை, கோவை என்றால் 79 எடுங்கள்.

படி 3: மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

நான் மாட்டிக்கொண்டு நின்றது இந்தப் படியில். எந்த விமர்சன வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை.

வீட்டில் மாட்டும் சார்ஜர் வண்டி விலையில் சேராது. 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 50,000, 11.2-க்கு 75,000 என்று அறிவித்திருந்தார்கள். 7.2 சிங்கிள் பேஸில் 31 ஆம்பியர் இழுக்கும். 11.2-க்கு த்ரீ பேஸ் வேண்டும், பேஸ் ஒன்றுக்கு 16 ஆம்பியர். வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டும் இருந்தால் 11.2 வாங்கிப் பயனில்லை.

அப்புறம் ஈபியில் உங்களுக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். 3 கிலோவாட் அனுமதி உள்ள வீட்டில் 7.2 சார்ஜர் மட்டுமே அந்த அளவைத் தாண்டிவிடும், ஏசி வேறு. லோடு கூட்டவோ த்ரீ பேஸுக்கு மாறவோ விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பணமும் நாளும் ஆகும். வண்டி வந்து நின்ற பிறகு இதை ஆரம்பிக்காதீர்கள், புக் செய்த வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மீட்டரிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை தனி ஒயர், 7.2-க்குக் குறைந்தது 6 ஸ்கொயர் எம்எம் செம்பு, தூரம் அதிகமென்றால் 10. சார்ஜருக்கென்று தனி ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). மூன்றாவது எர்த். எங்கள் வீட்டில் ஒயரெல்லாம் சரியாக இழுத்தும் சார்ஜர் சிவப்பு விளக்கு போட்டுச் சார்ஜ் ஏற்ற மறுத்தது. சார்ஜர் பழுது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காரணம் பழைய எர்த் குழி காய்ந்து கிடந்ததுதான். புதிதாக எர்த் அடித்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்த பிறகுதான் பச்சை வந்தது. இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

எது வாங்குவது? என் கருத்து 7.2. தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டினால் 8 யூனிட்தான் தேவை. அதற்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். 15 ஆம்ப் பிளக்கில் போட்டாலே மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். தினம் 200 கிலோமீட்டர் ஓட்டுபவர்கள் மட்டும் 11.2 யோசிக்கலாம்.

படி 4: வசதிகளை இரண்டாகப் பிரியுங்கள்

பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே கேள்வி: பிறகு வெளியில் போட முடியுமா? அலாய் வீல், சீட் கவர், டேஷ்கேம் முடியும். அவற்றுக்காக பேக் ஏறாதீர்கள். ரேடார், 360 கேமரா முடியாது. அவற்றை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

பேக் ஒன்னிலேயே ஆறு ஏர்பேக், இரண்டு 12.3 அங்குலத் திரை எல்லாம் வந்துவிடும். பேக் டூவில் ஒரு ரேடார், ஒரு கேமரா வைத்த லெவல் 2 ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு அமைப்பு), கண்ணாடிக் கூரை, 16 ஸ்பீக்கர் ஹார்மன் கார்டன். பேக் த்ரீயில் ஐந்து ரேடார், 360 கேமரா, சாலைமேல் அம்புக்குறி மிதப்பதுபோல் காட்டும் ஹெட்-அப் திரை, தானாகப் பார்க்கிங்.

நெருக்கடியான தெருவில் தினமும் வண்டியை நுழைப்பவருக்கு 360 கேமரா பெரிய உதவி, அவர் பேக் த்ரீ பக்கம் போவது நியாயம். ஹெட்-அப் திரைக்காக மூன்று லட்சம் தர எனக்கு மனமில்லை. நான் எடுத்தது பேக் டூ, 79.

கண்ணாடிக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. டெஸ்ட் டிரைவை மாலையில் வைக்காதீர்கள். மதியம் ஒரு மணிக்குப் போங்கள். வெயிலில் நின்ற டெமோ வண்டியின் பின் சீட்டில் வீட்டுப் பெரியவரை உட்கார வையுங்கள். உச்சந்தலையில் சூடு தெரிகிறதா, ஏசி எவ்வளவு நேரத்தில் அடக்குகிறது என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.

படி 5: கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள்

இன்சூரன்ஸ், 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி), சார்ஜர், அதைப் பொருத்தும் செலவு எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். டிசிஎஸ் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், அதை நஷ்டமாகக் கருத வேண்டாம். தமிழ்நாட்டில் மின்வண்டிக்குச் சாலை வரி விலக்கு தந்துவருகிறார்கள். நீங்கள் பதியும் தேதியில் அது நடைமுறையில் உண்டா என்று ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள். நான் போன ஒரு ஷோரூமில் அக்சஸரீஸ் பேக்கேஜ் என்று ஒரு வரியைக் கேட்காமலே சேர்த்திருந்தார்கள். வேண்டாம் என்றதும் எடுத்தார்கள்.

படி 6: புக்கிங்

புக்கிங் திறந்தபோது தொகை 21,000 ரூபாய். பேக், பேட்டரி, நிறம், டீலர் நான்கையும் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பேக் டூ இரண்டு பேட்டரியிலும் வருவதால் ரசீதில் பேட்டரி அளவு இருக்கிறதா என்று பாருங்கள். புக் செய்த பிறகு பேக் மாற்றினால் வரிசையில் உங்கள் இடம் போகுமா, ரத்து செய்தால் முழுப் பணமும் வருமா என்பதை மெயிலில் எழுதி வாங்குங்கள். டெலிவரி தேதியும் பேக்கைப் பொறுத்தது. முதல் சுற்றில் பேக் த்ரீக்கு 2025 மார்ச் என்றும் பேக் ஒன்னுக்கு ஆகஸ்ட் என்றும் அறிவித்திருந்தார்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் முக்கியமானது ஈபி பில். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால் 250 யூனிட், இரண்டு மாத ரீடிங்கில் 500. வீட்டு உபயோகத்தோடு சேர்ந்தால் மேல் அடுக்குக் கட்டணம் வந்துவிடும். அந்த விலையிலும் டீசலை விட மிச்சம்தான், ஆனால் இலவச யூனிட் கணக்கை வைத்துச் சேமிப்பைப் போடாதீர்கள்.

அடுக்குமாடியில் இருக்கும் இன்னொருவர், சங்கத்தில் அனுமதி கிடைக்காமல் பேட்டரியைப் பெரிதாக எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். எடுங்கள் சார், வாரம் ஒருமுறை வெளியில் சார்ஜ் போடுபவருக்கு 79 வசதிதான். ஆனால் உங்கள் பார்க்கிங் இடத்துக்கு ஒயர் இழுக்கச் சங்கத்தின் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு புக் செய்வது இன்னும் நல்லது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் கடிதமும் சேர்த்து.