சவரக்கத்திக்கு முதல் கல்: எதை வாங்கலாம், எதை விடலாம்

சலூனில் பாதி பிளேடு மாட்டும் மடக்குக் கத்திக்குக் கல்லே வேண்டாம். இங்கே சொல்வது, வாயைத் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் பழைய சவரக்கத்திக்கு. கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு டூல்ஸ் கடையில் "கத்தி தீட்டறதுக்கு ஒரு கல்லு வேணுங்ணா" என்று கேட்டால், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் கொஞ்சம் நைசுமாக இருக்கும் கார்போரண்டம் கல்லைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அரிவாளுக்கு அருமையான கல் அது. சவரக்கத்தியை அதில் நான்கு இழுப்பு இழுத்தால் வாயில் விழும் கீறலை எடுக்கவே ஒரு பொழுது போய்விடும். சாணை பிடிக்கத் தெருவில் வருபவரிடமும் கொடுக்காதீர்கள். ஓடும் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாரித்துவிடும். நீலம் ஏறிய இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதை எந்தக் கல்லும் திருப்பித் தராது.

கல்லைத் தேடும் முன் கத்தியைப் பாருங்கள். தீட்டியே விற்கப்பட்ட கத்தி, இப்போது கொஞ்சம் மழுங்கியிருக்கிறது என்றால் 8000 நம்பர் கல் ஒன்றே பல மாதம் ஓட்டும் (நம்பர் கூடக் கூடக் கல் நைசு). பழைய இரும்புக்கடையில் கிடைத்தது, தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்தது என்றால் 1000 நம்பர் கல் இல்லாமல் நடக்காது. துரு, வாயின் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி பறித்திருந்தால் அந்தக் கத்தியில் பழக வேண்டாம். தீட்டத் தீட்ட வாய் பொடிந்துகொண்டே இருக்கும், தப்பு கையிலா கல்லிலா என்று தெரியாது.

சவரக்கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கை பிடிப்பதில்லை, முதுகு பிடிக்கிறது. முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுத்திருக்க வேண்டும். முதுகு 5 மில்லிமீட்டர் கனம், முதுகிலிருந்து வாய் வரை 18 மில்லிமீட்டர் என்றால் வாயின் மொத்தக் கோணம் சுமார் 16 டிகிரி. கத்தியைச் செய்தவரே அதை முடிவு செய்துவிட்டார். நம் பங்குக்குக் கல் மட்டமாக இருந்தால் போதும், ஆனால் அது இருந்தே ஆக வேண்டும். நடுவில் குழி விழுந்த கல்லில் கத்தியின் அடியும் நுனியும் தேயும், நடு வாய் கல்லைத் தொடவே தொடாது.

ஆகவே முதல் செலவு கல்லுக்கு அல்ல, கல்லை மட்டமாக்கும் சாமானுக்கு. கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் கனத்தில், ஓரம் தேய்த்த துண்டு ஒன்று வாங்குங்கள். கல்லைவிட நீளமாக இருக்கட்டும். பெயின்ட் கடையில் 220 அல்லது 320 நம்பர் வாட்டர் பேப்பர் கிடைக்கும். கண்ணாடியை நனைத்து அதன்மேல் பேப்பரை ஒட்டவிட்டு, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடு முழுக்க அழிந்தால் மட்டம். மறுபடி கோடு போட்டு ஒருமுறை சரிபார்க்கவும். லேத் பட்டறையில் வேலை செய்யும் தெரிந்தவர் இருந்தால் அவருடைய ஸ்டீல் ஸ்கேலைக் கல்லின்மேல் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்து இடைவெளியில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிடலாம். புதுக் கல்லும் மட்டமாக வருவதில்லை. அதன் நான்கு ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான ஓரம் வாயைக் கடிக்கும்.

இனி கல். நம்பர் ஏற ஏற, கல்லில் இருக்கும் தேய்க்கும் பொடி சிறுக்கும். ஜப்பானியக் கணக்கில் 1000 கல்லின் பொடி சுமார் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 4000 என்றால் 3 முதல் 4, 8000 என்றால் 2க்குள், 12000 என்றால் ஏறக்குறைய 1. வாட்டர் பேப்பரின் நம்பர் வேறு கணக்கு: பி2000 என்று அச்சிட்ட பேப்பரில் பொடி 10 மைக்ரான் இருக்கும். அதாவது அது 1000 கல்லுக்குப் பக்கத்து வீடு. 4000க்கு மாற்று என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

புதிதாக வருபவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் 12000. அது தப்பு. வேலையில் முக்கால்வாசி 1000 கல்லிலேயே முடிகிறது. நம் சிபாரிசு: ஷாப்டன் குரோமாக்கு 1000 அல்லது கிங் 1000, அதோடு நார்ட்டனின் 4000/8000 இரட்டைக் கல். இத்தனையே முதல் செட். ஷாப்டனுக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும். கிங்கையும் நார்ட்டனையும் 10, 15 நிமிடம் ஊறப்போட வேண்டும். பெல்ஜியத்தின் கோட்டிக்யூல் போன்ற இயற்கைக் கல் அழகானது, ஆனால் ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது. பழகும்போது அளவு மாறாத கல்தான் ஆசிரியர். விலை மலிவாக, பெயரில்லாமல், ஒரு பக்கம் 3000 மறுபக்கம் 10000 என்று வரும் கல்லில் ஒட்டிய நம்பரை நம்ப வழியில்லை. அதற்குப் பதில் அதே கண்ணாடித் துண்டின்மேல் 1 மைக்ரான் லேப்பிங் ஃபிலிமை (நுண்பொடி பூசிய பிளாஸ்டிக் தாள்) தண்ணீரில் ஒட்டவைத்துக் கடைசி மெருகு ஏற்றலாம். அது மட்டமாக்கும் வேலையும் வைக்காது.

1000 கல்லில் தொடங்கும் முன் முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் முதுகு தேயாது. கோணம் சுமார் ஒரு டிகிரி கூடும், பரவாயில்லை. டேப் தேய்ந்ததும் மாற்றவும். பாதியில் டேப்பைக் கழற்றினால் அதுவரை செய்த வேலை வீண். வாயின் இருபுறமும் பர்மனென்ட் மார்க்கரால் கறுப்பு பூசி, வாய் முன்னே போகும்படி ஐந்தாறு இழுப்பு. மை எங்கே நிற்கிறதோ அங்கே கல் தொடவில்லை. கத்தி சுமார் 75 மில்லிமீட்டர் நீளம், கல் 70 அகலம் என்றால் நேராக இழுக்காமல் அடியிலிருந்து நுனிக்குக் குறுக்காக இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள், வாயின்மேல் அல்ல.

1000 முடிந்ததா என்று எப்படித் தெரியும்? வாயை மேலே பார்க்கப் பிடித்து விளக்கடியில் நோக்கினால் எங்கும் மினுக்கம் தெரியக்கூடாது. மினுங்கும் இடம் மழுங்கல். அடி முதல் நுனி வரை எந்த இடத்தை வைத்தாலும் முன்கை மயிரைத் தோலோரத்தில் சிரைக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கம் துணிக்கு இழை எண்ணும் மடக்குக் கண்ணாடி இருந்தால் வாய்ச்சரிவு (வாயை ஒட்டிக் கல் தேய்த்த சாய்ந்த பட்டை) இருபுறமும் முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அதுவே உதவும். இது தேறாமல் 4000க்குப் போகாதீர்கள். தேறிவிட்டால் 4000இல் முப்பது, 8000இல் முப்பது இழுப்பு, கத்தியின் கனமே போதும் என்கிற அளவுக்குக் கை இலகுவாக. அழுத்தினால் பிசிர் எழும்பும்; பிசிர் முதல் நாள் அபாரமாகச் சிரைக்கும், அடுத்த நாள் ஒடிந்துவிடும். கல் மாற்றும்போதெல்லாம் கத்தியையும் கையையும் கழுவுங்கள். 1000இன் ஒரு துகள் 8000 கல்லுக்கு ஏறினால் வாயில் நீளக் கீறல்.

கடைசியில் தோல்வாரில், முதுகு முன்னே போக, ஐம்பது இழுப்பு. அதற்கப்புறமும் கன்னத்தில் மயிரைப் பிடித்து இழுத்தால் 12000 வாங்கித் தீராது, 1000க்குத் திரும்புங்கள். இழுக்கவில்லை, எரிச்சல் மட்டும்தான் என்றால் அப்போது ஃபிலிமோ 12000 கல்லோ பார்க்கலாம்.

தண்ணீர் விஷயம் நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் கவலையில்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கல்லில் வெள்ளைப் படலம் படியும், கத்தி ஒரே இரவில் புள்ளி வைக்கும். குடிதண்ணீரிலேயே தீட்டி, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு பூசுங்கள். தேங்காயெண்ணெய் மார்கழியில் உறைந்து ஒட்டும். எந்த எண்ணெயும் தண்ணீர்க் கல்லின்மேல் படக்கூடாது. துவாரம் அடைத்துக் கல் வழுக்கும். நனைந்த கல்லை வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் ஓரம் நிறுத்திக் காயவிடவும்.