சக்குலென்ட்டைத் தொட்டி மாற்றும்போது செய்யக்கூடாதவை

வாங்கிய புதிதில் தாமரைப் பூ மாதிரி இருந்த எச்செவேரியா என்ற சக்குலென்ட் (சதைப்பற்றுள்ள செடி), இப்போது ஒரு சாண் நீளத்துக்கு மொட்டைத் தண்டாக வளைந்து, நுனியில் மட்டும் நாலு இலையோடு தொங்கிக்கொண்டிருக்கும். மண் கல்லாக இறுகியிருக்கும். கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினோம் என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. ஏதோ ஒரு விடுமுறை நாளில் மனசு உறுத்தும். உடனே பெரிய தொட்டி, புது மண், கைநிறைய உரம், வழிய வழியத் தண்ணீர், அப்புறம் நல்ல வெயில் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவோம். இரண்டு வருடம் கவனிக்காமல் கிடந்தபோது சாகாத செடி, கவனித்த பத்தே நாளில் அழுகிப்போகும்.

நானும் இப்படிச் சில செடிகளை அனுப்பி வைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், பெரும்பாலான தவறுகள் அறியாமையால் வருவதில்லை. விட்டதையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டும் அவசரத்தால் வருகின்றன.

முதலில், தொட்டிதான் பிரச்சினையா என்று பாருங்கள். தண்டு நீண்டு, இலைகளுக்கிடையே இடைவெளி விழுந்திருந்தால் அது வெளிச்சப் பற்றாக்குறை. தொட்டியை மாற்றினால் அது சரியாகாது. நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. அடியிலிருக்கும் ஒன்றிரண்டு இலைகள் காய்வது இயல்பு. தொட்டி மாற்ற வேண்டும் என்பதற்கு அடையாளங்கள் வேறு. அடித்துளை வழியாக வேர் எட்டிப்பார்க்கும். ஊற்றிய தண்ணீர் மண்ணில் ஊறாமல் ஓரமாக ஓடிவிடும். பக்கக் கன்றுகள் இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கும். கத்தி மாதிரி நிமிர்ந்த இலைகளுள்ள ஸ்நேக் பிளான்ட் என்றால் பிளாஸ்டிக் தொட்டியையே உப்பவைத்துவிடும்.

அடுத்தது, தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய தொட்டியில் வைப்பது. வேர் இருக்கும் இடத்து ஈரத்தைத்தான் செடி உறிஞ்சும். வேர் எட்டாத மண்ணில் தேங்கும் ஈரம் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். காற்று புகாத அந்த ஈரமண்ணில்தான் அழுகல் தொடங்குகிறது. பழைய தொட்டியைவிட 2 அல்லது 3 சென்டிமீட்டர் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். அழுகிய வேரை வெட்டிவிட்டீர்களா? பழைய அளவே போதும், சில சமயம் அதைவிடச் சின்னதுகூடச் சரிதான். தொட்டி அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, அதற்குச் செடியைப் பொருத்தப் பார்ப்பது என் பழைய வியாதி.

துளையில்லாத தொட்டியில் அடியில் கூழாங்கல் போட்டால் போதும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. துளையுள்ள தொட்டியிலும் பலர் இந்தக் கல் அடுக்கைப் போடுகிறார்கள். உண்மையில் அது வேலை செய்வதில்லை. பொடி மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மண் முழுவதும் நிறைந்த பிறகுதான் தண்ணீர் கீழே உள்ள கற்களுக்குள் இறங்கும். அதாவது தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய ஈரம், கல் அடுக்குக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். துளையை மூட ஒரு வலைத்துண்டு போதும். துளையே இல்லாத தொட்டியென்றால், செடியைத் துளையுள்ள சின்னத் தொட்டியில் நட்டு, அதை இதற்குள் வைத்துவிடுங்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விற்பனைக்கு வரும் செடிகள் பலவும் பீட் பாசியிலோ (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி) தேங்காய் நார்க்கழிவிலோ வளர்ந்து வருபவை. அந்தக் கட்டியை அப்படியே தூக்கிப் புது மண்ணுக்குள் வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சுற்றிலும் உள்ள மண் சீக்கிரம் காய்ந்துவிடும், நடுவில் உள்ள கட்டி மட்டும் நனைந்தே கிடக்கும். பீட் கலவையாக இருந்து முழுக்கக் காய்ந்திருந்தால் நேர் எதிர்: தண்ணீரையே உள்ளே விடாது. விரலாலும் மழுங்கிய குச்சியாலும் பழைய மண்ணை மெல்ல உதிர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று வேர் அறுந்தால் பரவாயில்லை.

புதுக் கலவையில் பாதியாவது கரடுமுரடான துகளாக இருக்க வேண்டும். பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைத் துகள்), உடைத்த செங்கல் என்று எது கிடைத்தாலும் சரி, 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. தூசியைச் சலித்துத் தள்ளிவிடுங்கள். மணல் கலந்தால் தண்ணீர் வடியும் என்று நுண்மணலைப் போடுகிறார்கள். அது இடைவெளிகளை அடைத்துக்கொள்ளத்தான் செய்யும். கடற்கரை மணலில் உப்பு வேறு இருக்கும்.

செடியை வெளியே எடுக்க நினைக்கும் நாளுக்கு முந்தைய சில நாட்கள் தண்ணீர் ஊற்றாமல் இருங்கள். நன்றாகத் தண்ணீர் குடித்த இலைகள் தொட்டாலே ஒடியும். சற்று வாடிய இலைகள் வளைந்து கொடுக்கும். மண்ணும் எளிதாக உதிரும். வெளியே எடுத்த பிறகு வேரைப் பார்க்காமல் நடுவதுதான் அடுத்த தவறு. நல்ல வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். கறுத்து, இழுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வருவது அழுகிய வேர். காய்ந்த நூல் மாதிரி நொறுங்குவது செத்த வேர். இரண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் வெட்டிவிடலாம். பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக எதாவது தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம். அப்படியென்றால் வேரை நன்றாகக் கழுவி, பழைய மண்ணை முழுவதும் அப்புறப்படுத்துங்கள். நல்ல மண்ணாச்சே என்று அடுத்த தொட்டியில் கொட்டினால் பூச்சியும் கூடவே குடியேறும்.

இனி தண்ணீர். மற்ற செடிகளுக்கு நட்டவுடன் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை, இங்கேயும் தானாகக் குவளையைத் தேடும். மெல்லிய இலைச் செடி ஒரு மணி நேரத்தில் வாடிவிடும் என்பதால் அதற்கு அது தேவை. சக்குலென்ட் அப்படியில்லை. இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை இலைத்துளைகளைப் பகலில் மூடி, இரவில்தான் திறக்கின்றன; அதனால் இழப்பும் குறைவு. ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. அறுந்த வேர்முனைகளோ திறந்த காயங்கள். ஈரமண்ணில் உள்ள பூஞ்சைகள் அந்த வழியாகத்தான் நுழையும். காயம் ஆற 5 முதல் 7 நாள் கொடுங்கள். நிறைய வேர் வெட்டியிருந்தால் 10 நாள்கூட ஆகட்டும். இலை சுருங்கியிருப்பதைப் பார்த்தால் கை பரபரக்கும்தான். ஆனால் வேர் செத்துப்போன செடிக்குத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினாலும் குடிக்க வாய் கிடையாது. கிறிஸ்துமஸ் கள்ளி போன்ற மென்மையான வேருள்ளவையும் சின்ன நாற்றுகளும் மட்டும் விதிவிலக்கு. அவற்றை ரொம்ப நாள் காயப்போடக் கூடாது.

நீண்டு வளைந்த எச்செவேரியாவை என்ன செய்வது? பலர் மொட்டைத் தண்டு முழுவதையும் மண்ணுக்குள் புதைத்து, தலையை மட்டும் மேலே விடுகிறார்கள். முற்றிய தண்டு அவ்வளவு எளிதில் வேர்விடாது, ஈரத்தில் அழுகுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தலைப்பகுதியை 3 முதல் 5 சென்டிமீட்டர் தண்டோடு வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வையுங்கள். பிறகு காய்ந்த கலவையின் மேல் நிறுத்தினால் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் வேர் வரும். மீதி மொட்டைத் தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் பக்கங்களில் புதுக் கன்றுகள் முளைக்கும். ஸ்நேக் பிளான்ட் விஷயத்தில் ஒன்று: மஞ்சள் ஓரம் போட்ட வகையை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால், வரும் கன்றுகளில் அந்த மஞ்சள் பெரும்பாலும் இருக்காது. கிழங்கோடு பிரித்தால்தான் நிறம் நிலைக்கும்.

காலமும் முக்கியம். செடி வளரத் தொடங்கும் பருவத்தில் மாற்றினால் வேர் சீக்கிரம் பிடிக்கும். ஏயோனியம் என்ற சக்குலென்ட் கோடையில் வளராமல் உறங்கும் செடி, அப்போது அதைத் தோண்டாதீர்கள். அழுகல் கண்டுவிட்டால் மட்டும் பருவம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மாற்றிய செடியை முதல் இரண்டு வாரம் வெளிச்சமான நிழலில் வையுங்கள். நிழலில் கிடந்த இலை நேர் வெயிலில் வெந்தால் அந்தத் தழும்பு போகாது. உரத்தைப் புது இலை தெரியும்வரை மறந்துவிடலாம்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்செவேரியா இலையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி விரல் பட்டால் அழியும், அந்த இலையில் திரும்ப வராது. அதனால் அடித்தண்டைப் பிடியுங்கள். யூஃபோர்பியா என்ற பால்கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை கட்டாயம்.

ஒரு மாதம் கழித்துச் செடியை மெல்ல அசைத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர் இறங்கிவிட்டது. ஆனால் வேர் வந்துவிட்டதா என்று தினமும் தூக்கிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். புது வேர் அவர்கள் கையிலேயே அறுந்துவிடும்.