அமெரிக்க மேற்கு: வில்லங்கம் பார்க்காமல் எழுதும் தவறுகள்

அமெரிக்காவின் மேற்கு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ். இல்லாவிட்டால், எழுபதுகளில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறிய படங்கள். ரசிக்க அது போதும். அதே நினைப்போடு வரலாறு எழுத உட்காரும்போதுதான் சிக்கல். தேர்வுக் குறிப்புகளிலும் காணொளிகளிலும் ஒரே பிழைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. நிலம் காலியாகக் கிடந்தது, துணிந்தவன் போய் எடுத்துக்கொண்டான் என்ற எண்ணம்தான் பெரும்பாலானவற்றுக்கு வேர். அரை கிரவுண்டு மனை வாங்கினாலே வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறோம். ஒரு கண்டத்தின் பாதி கைமாறிய கதைக்கும் அதைப் பார்த்துவிடலாம்.

முதல் பத்திரம் லூசியானா. "1803இல் லூசியானாவை பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது" என்ற வரியை எல்லாரும் எழுதுகிறார்கள். இன்றைய லூசியானா மாநிலம் அந்தப் பரப்பில் ஒரு மூலைதான். கைமாறியது சுமார் 8,28,000 சதுர மைல். இன்றைய 15 மாநிலங்கள் முழுதாகவோ பகுதியாகவோ அதற்குள் வரும். இதைவிடப் பெரிய பிழை 'வாங்கியது' என்ற சொல்லில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ், செயின்ட் லூயிஸ், ஆற்றோரத்தில் சில குடியிருப்புகள், இவற்றைத் தாண்டி அங்கே பிரான்சின் கை பெரிதாக எட்டியதில்லை. ஓசேஜ், பானி, லகோட்டா எனப் பல மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. ஹைட்டிப் புரட்சியை அடக்கப் போன படை அழிந்தது, இங்கிலாந்தோடு போர் நெருங்கியது. அந்த நெருக்கடியில் நெப்போலியன் விற்றது, வேறு ஐரோப்பிய அரசு எதுவும் அங்கே போட்டிக்கு வராது என்ற உரிமையை மட்டும். குடியிருந்தவர்களிடமிருந்து நிலத்தைப் பெறும் வேலை ஒப்பந்தங்களாலும் போர்களாலும் அந்த நூற்றாண்டு முழுக்க நடந்தது.

அடுத்து, 'செவ்விந்தியர்' என்ற சொல். பழைய புத்தகங்களில் சரளமாகப் புழங்கியது, இன்று விட்டுவிடலாம். நிறத்தை வைத்துச் சுட்டுவது மட்டும் அதன் குறை அல்ல. வெவ்வேறு மொழி பேசி, வெவ்வேறு விதமாக வாழ்ந்த நூற்றுக்கணக்கான சமூகங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள். பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் பூர்வகுடிகள் போதும்.

எல்லாரும் கூடாரத்தில் வாழ்ந்து காட்டெருமை வேட்டையாடியவர்கள் என்ற படமும் இந்த மூட்டையிலிருந்து வந்ததுதான். ஜார்ஜியாவின் செரோக்கிகளைப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா என்பவர் 1821வாக்கில் தன் மொழிக்குத் தனி எழுத்து முறையையே உருவாக்கி முடித்தார். ஒவ்வொரு அசைக்கும் ஒரு குறி. நம் உயிர்மெய் வரிசையைப் படித்தவர்களுக்கு அது எப்படி வேலை செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. 1827இல் அவர்கள் எழுத்து வடிவில் அரசியலமைப்பை இயற்றினார்கள். 1828இல் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் செய்தித்தாள் நடத்தினார்கள். பண்ணைகளும் ஆலைகளும் இருந்தன. வசதி படைத்தவர்களிடம் கறுப்பின அடிமைகளும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது.

இப்படி வேரூன்றியவர்களைத்தான் 1830ஆம் ஆண்டின் இடப்பெயர்ப்புச் சட்டம் குறிவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே அந்தப் பகுதியில் தங்க வேட்டை தொடங்கியிருந்தது. செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றட்டும்" என்று அதிபர் ஜாக்சன் சொன்னதாக எல்லாக் கட்டுரைகளிலும் வரும். அந்த வாசகம் அச்சில் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. அவர் சொன்னதற்கு அக்காலச் சான்று கிடையாது. எடுத்தாளாமல் இருப்பது நல்லது. நிலத்தை விட்டுக்கொடுத்து 1835இல் ஒரு சிறு குழு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் ஏற்கவில்லை. 15,000க்கும் மேற்பட்ட செரோக்கிகள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். ஆனாலும் செனட்டில், தேவையான மூன்றில் இரண்டு பங்கைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்று ஒப்பந்தம் நிறைவேறியது. 1838இல் படை வந்து வீடு வீடாக ஆட்களை வெளியேற்றியது. இன்றைய ஓக்லஹோமாவுக்கு ஓட்டப்பட்ட சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் முகாம்களிலும் வழியிலும் மாண்டார்கள். இன்னொரு வழக்கமான பிழை: அப்போது அதிபர் ஜாக்சன் இல்லை, மார்ட்டின் வான் பியூரன்.

மேற்கே குடியேறப் போனவர்களின் வண்டித்தடமான ஆரிகன் பாதைக்கு வருவோம். மிசௌரியிலிருந்து ஆரிகன் வரை சுமார் 2,000 மைல், ஐந்து மாதப் பயணம். வண்டியை இழுத்தவை பெரும்பாலும் எருதுகள். குதிரைக்கு விலையும் அதிகம், வழியில் கிடைக்கும் புல்லை மட்டும் தின்று தாக்குப்பிடிக்கவும் முடியாது. வண்டிக்குள் மாவும் பன்றி இறைச்சியும் தட்டுமுட்டுச் சாமானும் நிறைந்திருந்ததால் மனிதர்கள் நடந்தே போனார்கள். இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்தியது அம்புகளுக்குப் பயந்து என்று படத்தில் காட்டுவார்கள். மாடுகள் ஓடிப்போகாமல் இருக்க அதுவே பட்டி. ஆட்களை அதிகம் கொன்றது வாந்திபேதி. அடுத்து ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியவர்கள், சக்கரத்தில் சிக்கிய குழந்தைகள், சொந்தத் துப்பாக்கியே கைதவறி வெடித்தவர்கள். 1840 முதல் 1860 வரை பாதையில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 400க்கும் குறைவு என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் அதைவிட அதிகம். மற்றபடி ஆற்றைக் கடக்க உதவியவர்களும், மீனும் கிழங்கும் விற்றவர்களும் அதே பூர்வகுடிகள்தான்.

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டத்தை 'இலவச நிலம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நம் தேர்வுக் குறிப்புகளின் தனிச்சிறப்பு. 160 ஏக்கர் உண்டு. கட்டணம் சில டாலர்கள்தான். ஆனால் ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால்தான் பட்டா. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் தங்கள் பெயரிலேயே மனு போட முடிந்தது. மொத்தத்தில் சுமார் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் போனது. நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. வண்டிக் காலத்தோடு இது முடிந்துவிடவும் இல்லை, அதிக நிலம் பட்டாவானது 1900க்குப் பிறகுதான்.

நம் டெல்டாவில் 160 ஏக்கர் இருந்தால் அவர் மிராசுதார். நெப்ராஸ்காவின் நடுவில் ஓடும் 100ஆம் தீர்க்கரேகையைத் தாண்டினால் ஆண்டுக்கு 20 அங்குல மழைகூட நிச்சயமில்லை, அதே 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. மேற்கை நேரில் ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே இதை எழுதி, மேய்ச்சல் நிலமென்றால் ஒருவருக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்றார். வாஷிங்டனில் காது கொடுத்துக் கேட்கவில்லை. பட்டா வாங்கும் முன்பே விட்டுப் போனவர்கள் ஏராளம். வெற்றிக் கதைகளை மட்டும் எண்ணுபவர்கள் இவர்களைத் தவறவிடுகிறார்கள்.

எல்லாரும் கிழக்கிலிருந்து மேற்கே போன வெள்ளையர் என்பதும் சரியல்ல. ஸ்பானியர்களின் சான்டா ஃபே நகரம் 1610வாக்கிலேயே எழுந்தது. 1848இல் மெக்சிகோ தோற்று வடபகுதியை இழந்தபோது, அங்கிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கு நோக்கித் தண்டவாளம் போட்டவர்கள் பெரும்பாலும் சீனர்கள். 1869இல் பாதை இணைந்தது, 1882இல் சீனத் தொழிலாளர் வருகையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கறுப்பினத்தவர்கள் கன்சாஸில் நிக்கோடீமஸ் என்ற ஊரையே அமைத்தார்கள்.

துப்பாக்கிச் சண்டைக்கு அதிகம் இடம் ஒதுக்க வேண்டாம். 1881இல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த புகழ்பெற்ற மோதல் அரை நிமிடம்தான், செத்தவர்கள் மூவர். ஊருக்குள் ஆயுதம் தரிக்கக் கூடாது என்ற விதியை நிறைவேற்றப் போனதில் வெடித்த சண்டை அது.

கடைசியாக, 1890 என்று முற்றுப்புள்ளி வைப்பது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியேற்றம் எட்டிய இடத்தைக் காட்டும் எல்லைக்கோடு என்று இனி ஒன்றில்லை என்றது. அதே ஆண்டு டிசம்பரில், லகோட்டா மக்களை அமெரிக்கப் படை கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை. பாடநூல்கள் அங்கே நின்றுவிடும், வில்லங்கம் நிற்கவில்லை. 1868 ஒப்பந்தம் பிளாக் ஹில்ஸ் மலைகளை லகோட்டா முதலிய சூ மக்களுக்கே என்று எழுதிக்கொடுத்தது. 1874இல் அங்கே தங்கம் தென்பட்டது. 1877இல் மலைகளை அரசு எடுத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தீர்ப்பானது. அந்தப் பணத்தை அவர்கள் இன்றுவரை வாங்கவில்லை. வட்டியோடு சேர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அவர்கள் கேட்பது மலையை.