டிஃபர் ஆன விண்ணப்பம்: என் அனுபவம்
டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரியொன்று நான் முன்கூட்டியே அனுப்பிய ஏர்லி விண்ணப்பத்தை டிஃபர் செய்தது, அதாவது முடிவைத் தள்ளிப்போட்டது. நிராகரிப்பு இல்லை; வழமையான சுற்றில் மறுபடி பார்ப்பார்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போட்டால் தானியங்கிப் பதில்தான். மேலதிகப் பரிந்துரைக் கடிதம் வேண்டாமாம்.

அப்புறம் போர்ட்டலில் (கல்லூரியின் தளத்தில் என் விண்ணப்பப் பக்கம்), செக்லிஸ்ட்டின் அடியில், மிட் இயர் ரிப்போர்ட், அதாவது கடைசி வருடத்தின் அரையாண்டுப் புள்ளிகள், வரவில்லை என்று இருந்தது. அதை நாங்கள் ஏற்ற முடியாது. பல கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கும் பொதுத் தளமான காமன் ஆப்பில் கவுன்சிலராக, அதாவது பாடசாலை வழிகாட்டியாக, நாங்கள் குறித்தவர்தான் ஏற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் கவுன்சிலருக்கு எங்கே போவது? எனக்கு உப அதிபர் சேர்தான். அவருக்கு வந்த இணைப்பு ஸ்பாமில் கிடந்தது. தமிழ்த் தேர்ச்சி அறிக்கையைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன், சேர் ஏற்றினார்.

கூடவே, அங்கே படிக்க இன்னும் விருப்பம் உண்டு என்று கல்லூரிக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். புதிய விஷயங்கள் மட்டும். சில கல்லூரிகள் கடிதமே அனுப்பாதீர்கள் என்கின்றன, அறிவிப்பை வடிவாக வாசியுங்கள். மார்ச் கடைசியில் இடம் கிடைத்தது. அப்பாடா!